துபாஷ் என்ற ஆங்கிலச் சொல்

(வடாலாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆங்கில அகராதிகளின் ஓரத்தில் கிடக்கும் ஒரு சொல்லைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்தச் சொல் 'துபாஷ்'. நன்றாகப் படித்த ஆங்கிலேயருக்கும் இன்று அதன் பொருள் தெரிந்திருப்பது அரிது. சென்னையில் கேட்டால் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைச் சொல்பவர்கள் சிலர் கிடைப்பார்கள். மும்பையில் அது தெருப்பெயராகவே இருக்கிறது. வடாலா ரோடு நிலையத்தில் ஹார்பர் லைன் வண்டி பிடித்து, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, காலா கோடா பக்கம் நடந்தால், பழைய ராம்பார்ட் ரோவின் பெயர்ப்பலகையில் கே. துபாஷ் மார்க் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அங்கே துபாஷ் என்பது ஒரு பார்சிக் குடும்பப்பெயர். சென்னைத் துபாஷும் பம்பாய்த் துபாஷும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தார்கள், ஆங்கில எழுத்தாளர்கள் அந்தச் சொல்லை எப்படிக் கையாண்டார்கள், தமிழில் அதற்கு என்ன பதில் இருக்கிறது என்பதுதான் என் பேச்சு.

சொல்லின் பிறப்பு எளிது. 'தோ' என்றால் இரண்டு, 'பாஷா' என்றால் மொழி. இரண்டு மொழி தெரிந்தவர் தோபாஷி. தமிழில் துபாஷி, துபாசி, துபாஷ் என்று பலவாறு எழுதினார்கள். ஆங்கிலேயர்கள் தங்கள் காதில் விழுந்தபடி டியூபாஷ், டோபாஷ், டெபாஷ் என்றெல்லாம் எழுதினார்கள். 1670களில் இந்தியாவில் சுற்றிய ஜான் ஃபிரையர் என்ற மருத்துவரின் பயண நூலிலேயே சொல் வந்துவிட்டது. அந்தக் காலத்துச் சோழமண்டலக் கரையில் துபாஷின் இரண்டாம் மொழி பெரும்பாலும் போர்த்துக்கீசியம். ஐரோப்பியர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் துறைமுகங்களில் கொச்சைப் போர்த்துக்கீசியமே பொதுமொழியாக ஓடியது. ஆங்கிலம் பின்னால் வந்தது.

இந்த வகைச் சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்தது 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற பெரிய அகராதி. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்ற இருவர் தொகுத்தார்கள், 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அகராதி அச்சாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். கணக்குப்பிள்ளை என்ற நம் சொல் 'கானிகோபொலி' என்று உருமாறி அந்த நூலில் உட்கார்ந்திருக்கிறது. படகோட்டிகளின் தலைவனான தண்டலும் அதில் உண்டு. மும்பைக் கோளிகளிடையே தாண்டேல் என்ற குடும்பப்பெயராக நாம் இன்றும் கேட்பது அந்தச் சொல்லைத்தான். துபாஷுக்கு அந்த அகராதி முதலில் தரும் பொருள், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்பவர். பிறகு வணிக நிறுவனத்தின் தரகர். பிறகு வெள்ளைக்காரர் வீட்டு வேலையாள். ஒரு சொல் படிப்படியாகக் கீழே இறங்கியதன் பதிவு அது.

1810ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயிலும் சென்னையிலும் தங்கியிருந்த மரியா கிரஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி 1812இல் தன் நாட்குறிப்பை வெளியிட்டார். சென்னையில் கரை இறங்கியவுடன் துபாஷிகளின் கூட்டம் சூழ்ந்துகொண்டதை அதில் சொல்கிறார். பேச்சுக்கு மொழிபெயர்ப்பது, சாமான் வாங்குவது, வேலைக்காரர்களைப் பிடித்துத் தருவது, பல்லக்கு ஏற்பாடு, சுங்கச் சாவடி வேலை என்று புதியவர் செய்யத் தயங்கும் எல்லாவற்றையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதுகிறார். பம்பாய்க்குக் கடல் தந்த இயற்கைத் துறைமுகம் சென்னைக்கு இல்லை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, மசூலாப் படகிலும் கட்டுமரத்திலும் அலையைக் கடந்துதான் கரைக்கு வர முடியும். நனைந்து, மிரண்டு, மொழி தெரியாமல் இறங்கும் மனிதனுக்குத் துபாஷ்தான் முதல் ஊர்.

அந்த உறவின் பொருளாதாரத்தைப் புரிந்துகொண்டால்தான் பிறகு வந்த இலக்கியம் புரியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் எழுத்தர்களுக்குச் சம்பளம் சொற்பம். துபாஷ் அவர்களுக்குக் கடன் கொடுத்தார். அவர்கள் பெயரில் சொந்த வியாபாரத்தையும் நடத்தினார். எழுத்தர் அதிகாரியாக உயர்ந்தபோது துபாஷின் கை நீண்டது. வெள்ளைக்காரரின் பெயர் துபாஷுக்குப் பாதுகாப்பு, துபாஷின் பணம் வெள்ளைக்காரருக்கு முதல். லாபம் இருவருக்கும். பழி வந்தபோது அது ஒருவர் மேல்தான் அதிகம் விழுந்தது.

இந்தச் சொல் வரும் ஆங்கில வாக்கியங்களை நான் படித்த வரையில், துபாஷ் இரண்டு விதமாகவே வருகிறார். ஒன்று, கரையில் மொய்க்கும் கூட்டமாக. இன்னொன்று, 'இன்னாருடைய துபாஷ்' என்ற உடைமைப் பொருளாக. தன் வாயால் தன்னைப் பற்றிப் பேசும் துபாஷ் அங்கே அபூர்வம். வாழ்க்கையிலும் இதே இலக்கணம் நடந்தது. சென்னையில் பவுனி என்ற ஆங்கிலேயரிடம் துபாஷாக இருந்த நாராயண பிள்ளையைப் பவுனி நாராயண பிள்ளை என்றுதான் ஊர் அழைத்தது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஜமானின் பெயர்.

ஆங்கில இலக்கியத்தில் பெயரோடு வரும் துபாஷ் ஒருவர் உண்டு. அவருடைய கதை விரிவாகச் சொல்லத் தக்கது.

வால்டர் ஸ்காட் 1827இல் 'சர்ஜனின் மகள்' என்ற கதையை வெளியிட்டார். ஸ்காட் இந்தியாவைப் பார்த்ததில்லை. இங்கே படையில் இருந்து திரும்பிய நண்பர் கர்னல் ஜேம்ஸ் ஃபெர்குசனிடம் கேட்டு எழுதினார். ஸ்காட்லாந்துக் கிராமத்து மருத்துவரின் மகளை அவளுடைய காதலனே ஏமாற்றி, திப்புவின் கையில் ஒப்படைக்க மைசூருக்குக் கொண்டுவருகிறான். ஹைதர் அலி மாறுவேடத்தில் வருகிறார். துரோகி யானையின் காலில் மிதிபட்டுச் சாகிறான். இந்தக் கதையில் சென்னை ஆட்சித் தலைவரின் துபாஷாக பாப்பையா என்பவர் வருகிறார். எல்லாச் சதிகளும் அவர் கையைத் தாண்டித்தான் போகின்றன.

பாப்பையா கற்பனைப் பெயர் இல்லை. அவதானம் பாப்பையா என்ற துபாஷ் சென்னையில் உண்மையிலேயே வாழ்ந்தவர். 1789இல் ஆளுநர் பொறுப்பில் இருந்த ஜான் ஹாலண்டுக்கும், 1790இல் சில நாட்களே அந்தப் பொறுப்பை வகித்த அவர் சகோதரர் எட்வர்ட் ஹாலண்டுக்கும் அவர் வலக்கை. வருவாய் வாரியத்தில் இருந்த டேவிட் ஹாலிபர்ட்டன் என்ற அதிகாரி இவர்களுக்கு இடையூறாக இருந்தார். அவருக்கு எதிராகச் சதி செய்ததாகப் பாப்பையாவின் மீது வழக்கு வந்து, 1792இல் தண்டனையும் கிடைத்தது. விசாரணை லண்டனில் புத்தகமாகவே அச்சானது. ஹாலண்டு சகோதரர்கள் அதற்குள் கப்பலேறிப் போய்விட்டார்கள். சென்னைச் சூளையில் பாப்பையா பெயரில் ஒரு சாலை இன்னும் இருக்கிறது.

ஸ்காட்டின் கதை நடப்பது ஹைதர் அலி உயிரோடிருந்த காலத்தில். ஹைதர் இறந்தது 1782இல். அதாவது நாவலாசிரியர் பாப்பையாவைப் பல ஆண்டுகள் பின்னால் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். வரலாற்றுக் கதை எழுதுபவருக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, நான் அதைக் குறை சொல்லவில்லை. என் கவலை வேறு. உண்மை வழக்கில் இரண்டு ஆளுநர்களும் ஒரு துபாஷும் இருந்தார்கள். கதையில் நிலைத்த பெயர் துபாஷின் பெயர். வெள்ளை அதிகாரி பலவீனமானவர், கறுப்புத் தரகர் தந்திரக்காரர் என்ற வார்ப்பு அப்படித்தான் உருவாகியது. மொழி தெரியாமல் ஆண்டவர்களின் பயத்தை நான் அதில் படிக்கிறேன். தன் வாயும் காதும் இன்னொருவரிடம் இருக்கும்போது எந்த அதிகாரத்துக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பாப்பையா நிரபராதி என்று வாதாட நான் வரவில்லை. துபாஷிகள் பலர் கொள்ளைக்குத் துணை போனார்கள். நில வருவாயில் விளையாடினார்கள். சாதிச் செல்வாக்கைப் பணமாக்கினார்கள். உழுதவரும் நெய்தவரும் அவர்களால் பட்ட துன்பத்தை மறைத்துவிட்டு அவர்களை வீரர்களாக்குவது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் தனியாகத் திருடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆண்டவர்களுக்குத் துபாஷ் மேல் இருந்த சந்தேகம் நமக்கு ஒரு நன்மையும் செய்தது. துபாஷிகளின் பிடியிலிருந்து விடுபட வேண்டுமானால் அதிகாரிகளே மொழி கற்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. 1812இல் எல்லிஸ் என்ற கம்பெனி அதிகாரியின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. தமிழில் அதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்றார்கள். தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் அங்கே பணி செய்தார்கள். தமிழ் உரைநடை நூல்கள் அச்சேறின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம், அதன் வேர் வடமொழியில் இல்லை என்று எல்லிஸ் 1816இல் எழுதியது அந்தக் கல்லூரியின் வேலையிலிருந்து பிறந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முந்தைய செய்தி அது. திராவிட மொழிகள் என்று நாம் இன்று பேசுவதன் பின்னணியில், துபாஷை நம்ப விரும்பாத ஓர் ஆட்சியின் தேவையும் இருந்தது.

இப்போது இதே சொல்லை உள்ளேயிருந்து கேட்போம். துபாஷ்களிடமிருந்து அரிதாகவே கிடைக்கும் சாட்சியத்தை ஒரு தமிழர் விட்டுப்போயிருக்கிறார். ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரிக்குப் போய், வியாபாரத்தில் வளர்ந்து, ஆனந்தப்புரவி என்று சொந்தக் கப்பலே வைத்திருந்தார். 1736 செப்டம்பரில் தினசரிக் குறிப்பு எழுதத் தொடங்கி 1761 ஜனவரி வரை எழுதினார். புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த அதே நாட்களில் அவர் உயிரும் போனது.

1742இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக வந்த டூப்ளேயின் துபாஷாக அவர் அறியப்படுகிறார். அந்தப் பதவி சுலபமாகக் கிடைக்கவில்லை. முன்பு துபாஷாக இருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்தார். அவர் கிறிஸ்தவர், அடுத்தவரும் கிறிஸ்தவராகவே இருக்க வேண்டும் என்று பாதிரியார்கள் வற்புறுத்தினார்கள். அதையும் மீறித்தான் ரங்கப் பிள்ளை வந்தார். வந்த பிறகு அவருக்குப் பெரிய எதிரி ஆளுநரின் மனைவி. மதாம் டூப்ளே புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார். ஊராரின் வழக்குகளை நேராகக் கேட்டார். தனக்கென்று ஒற்றர்கள் வைத்துக்கொண்டார். ரங்கப் பிள்ளையின் குறிப்புகளில் அந்த அம்மையாரைப் பற்றி வரும் கசப்புக்கு வேறு காரணங்கள் பல இருந்தாலும், அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. ஆளுநரின் வீட்டுக்குள்ளேயே இரண்டு மொழி தெரிந்த இன்னொருவர் இருந்தார். அப்படி ஒருவர் இருந்தால் துபாஷுக்கு என்ன மதிப்பு?

1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியால் இடிக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் ரங்கப் பிள்ளையிடம்தான் வந்து முறையிட்டார்கள். அவரால் தடுக்க முடியவில்லை. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது துபாஷ் என்ற சொல்லின் முழு எடையும் தெரிகிறது. ஆளுநருக்கு அவர் ஊரின் வாய். ஊருக்கு அவர் ஆளுநரின் காது. உத்தரவு கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை, உத்தரவை ஊருக்குச் சொல்லும் கடமை மட்டும் உண்டு. சொன்னவர் முகம்தான் ஊர் மனதில் பதியும்.

அவருடைய தமிழ் பண்டிதத் தமிழ் இல்லை. கப்பல் வரவு, துணி விலை, யார் யாருக்கு என்ன வெகுமதி, யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள் என்று பேச்சு ஓட்டத்தில் போகிறது. பிரெஞ்சு, போர்த்துக்கீசியம், தெலுங்கு, பாரசீகச் சொற்கள் தடையின்றி உள்ளே வருகின்றன. தன்னைப் பற்றிய பெருமையும் தாராளம், சாதிப் பற்றும் மறைவில்லை. குறையோடு கூடிய முழு மனிதன் நம் முன் நிற்கிறான். 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் குறிப்பேடுகளைக் கண்டெடுத்தார். ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகளாக 1904இலிருந்து 1928 வரை வெளிவந்தது. பிரபஞ்சன் இதைக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்ற இரு நாவல்களைப் படைத்தார். இரண்டாவதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஸ்காட்டின் பாப்பையாவுக்குத் தமிழ் இலக்கியம் சொன்ன பதிலாக நான் இந்த நாவல்களைப் படிக்கிறேன். தமிழ் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் அவற்றை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

அறக்கட்டளை மேடையில் நின்று துபாஷ்களைப் பற்றிப் பேசிவிட்டுப் பச்சையப்பரை விட முடியாது. பவுனி நாராயண பிள்ளையிடம் தொழில் கற்ற பச்சையப்ப முதலியார் 1794இல், நாற்பது வயதில், திருவையாற்றில் இறந்தார். சொத்தை அறப்பணிகளுக்கு எழுதி வைத்தார். உயில் வழக்கில் மாட்டிப் பல பத்தாண்டுகள் கிடந்து, 1842இல் பள்ளியாகத் திறந்தது, பிறகு கல்லூரியாயிற்று. சென்னை ஆளுநர் பிகட்டின் துபாஷான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர். கொள்ளைப் பணத்தின் ஒரு பகுதி கல்வியாகவும் கீர்த்தனையாகவும் நம்மிடம் திரும்பியிருக்கிறது. அதற்காகக் கொள்ளை நியாயமாகிவிடாது. கல்வி கிடைத்ததும் பொய்யாகிவிடாது.

இனி பம்பாய். இங்கே துறைமுகம் இருந்தது. கப்பல் நேராகக் கரைக்கு வந்தது. ஆகவே துபாஷின் வேலை பேச்சிலிருந்து சரக்குக்கு நகர்ந்தது. கப்பலுக்குத் தண்ணீர், அரிசி, இறைச்சி, காய்கறி, கயிறு, தார் எல்லாம் வழங்குபவரை இங்கே துபாஷ் என்றார்கள். பார்சிகள் பலர் இந்தத் தொழிலில் இருந்தார்கள், தொழில் குடும்பப்பெயராகியது. காலா கோடாத் தெருவின் பெயருக்கு வழி அதுதான்.

இந்தத் தொழில் ஆங்கில இலக்கியத்தில் வேறு வேடத்தில் வருகிறது. ஜோசப் கான்ராட் 1900இல் வெளியிட்ட 'லார்ட் ஜிம்' நாவலின் நாயகன், கப்பல் சாமான் வியாபாரிகளிடம் படகு குமாஸ்தாவாக ஊர் ஊராக மாறுகிறான். கப்பல் கண்ணில் பட்டவுடன் படகில் பாய்ந்துபோய்க் கேப்டனைப் பிடிப்பதுதான் அவன் வேலை. அவன் வேலை பார்த்த ஊர்களின் வரிசையில் முதலில் வருவது பம்பாய். சென்னைக் கரையில் துபாஷ் செய்த அதே வேலையை ஒரு வெள்ளைக்காரன் செய்யும்போது, அங்கே அது அவமானத்திலிருந்து ஓடுபவனின் தலைமறைவாகிறது. கான்ராட் இந்தக் கரைகளை நேரில் அறிந்தவர். 1884இல் ரிவர்ஸ்டேல் கப்பலில் சென்னை வந்து, கேப்டனோடு பிணங்கி வேலையை விட்டு, ரயிலில் பம்பாய் வந்து நார்சிசஸ் கப்பலில் சேர்ந்தார். போலிஷ் தாய்மொழி, பிரெஞ்சு இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. மொழிகளுக்கு நடுவே நிற்பவனின் தனிமையை அவரைப் போல எழுதியவர் ஆங்கிலத்தில் குறைவு.

துறைமுகத்தில் கேட்ட இன்னொரு சொல் 'டோப்பாஸ்'. போர்த்துக்கீசிய வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்ட கலப்பினச் சிப்பாய்களை முன்பு அப்படி அழைத்தார்கள். பிறகு கப்பலில் துப்புரவு செய்பவருக்கு அந்தப் பெயர் போயிற்று. இந்தியக் கடற்படையிலும் அந்தப் பெயரில் ஒரு பணி இருந்தது. தொப்பியிலிருந்து வந்தது என்பார் உண்டு. துபாஷியே அப்படித் திரிந்திருக்கலாம் என்பது ஹாப்சன் ஜாப்சன் தொகுப்பாளர்களின் கருத்து. அது சரியானால், ஒரே சொல் தெருப்பெயராகவும் மேலேறியது, கப்பலின் கழிவறைக்கும் இறங்கியது. மொழி அறிவு மட்டும் ஒருவரை உயர்த்திவிடாது, அது எவர் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் உலகம் விலை வைக்கிறது.

அன்பர்களே, இந்த வடாலாவில் துபாஷ் தேவைப்படாத வீடு நம்மிடையே உண்டா? திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் கூடங்களுக்கும், துறைமுகத்துக்கும், ரயில்வேக்கும் வந்த தலைமுறை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைச் சார்ந்துதான் வாழ்ந்தது. சால் குடியிருப்பில் ஒரு அண்ணாச்சிக்கு இந்தி நன்றாக வரும். ரேஷன் ஆபீஸுக்கும் போலீஸ் சௌக்கிக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு மாமாவுக்கு இங்கிலீஷில் மனு எழுத வரும். இன்று அந்த வேலை பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் டாக்டர் மராத்தியில் கேட்கிறார், பத்து வயதுப் பெண் தன் ஆத்தாவின் நோவை எடுத்துச் சொல்கிறாள். டாக்டர் சொல்வதை முதலில் கேட்பவளும் அவள்தான். எதை ஆத்தாவிடம் சொல்வது, எதை அப்பா வரும்வரை அடக்கி வைப்பது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்கிறாள். ரங்கப் பிள்ளை சுமந்த சுமை அதுதான். அவருக்குக் கிடைத்த பல்லக்கும் வெகுமதியும் அவளுக்கு இல்லை.

பாப்பையாவைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியதுதான் நமக்குக் கிடைக்கிறது, ஏனென்றால் பாப்பையா தன் கதையை எழுதவில்லை. ரங்கப் பிள்ளை எழுதினார். ஆகவே 250 ஆண்டுகள் கழித்தும் அவர் தரப்பு நம்மிடம் இருக்கிறது. மும்பைத் தமிழரின் துபாஷ்களைப் பற்றி அப்படி ஒரு குறிப்பேடு நம்மிடம் போதிய அளவு சேரவில்லை. மனு எழுதிக் கொடுத்தவர்கள், தொழிற்சங்கக் கூட்டங்களில் பேச்சை மாற்றிச் சொன்னவர்கள், கோர்ட்டில் சாட்சிக்கு மொழி கொடுத்தவர்கள் எண்பது வயதைத் தாண்டி உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

அவர்களிடம் உட்காருங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள், ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய மனுக்களின் நகல், ஊரிலிருந்து வந்த கடிதம், கூலிச் சீட்டு, சங்க ரசீது எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பிள்ளைகளும் எழுதட்டும், எந்த மொழி கலந்து வந்தாலும் திருத்தாமல் விடுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு வருபவர் அந்த நோட்டுகளிலிருந்து பேசும்படி, இப்போதே தொடங்குங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.